வந்தியத்தேவனுக்கு ஃபில்டர் காபி குடுக்காதீங்க! – வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல ஒரு மூலையில சின்னதா "ஃபேன் ஃபிக்‌ஷன், காஸ்ப்ளே, காமிக் கான்னு என்ன வேணா கேளுங்க"ன்னு போட்டோம், அவ்ளோதான், சேலத்துல இத்தனை பேரு இதையே தொழிலா வச்சிருக்கீங்கன்னு எனக்கு இத்தனை நாளா தெரியாமப் போச்சு. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: நமக்குப் பிடிச்ச கதையோட ஆளுங்களை வச்சு நாமளே எழுதுற கதை ஃபேன் ஃபிக்‌ஷன், அவங்களை மாதிரியே வேஷம் போடுறது காஸ்ப்ளே, காமிக்ஸ் ரசிகருங்க கூடுற விழா காமிக் கான். எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் பத்தாது, பொறுக்கி எடுத்ததை மட்டும் சொல்றேன்.

பொன்னியின் செல்வன் கேரக்டர்களை வச்சு நாலு வருஷமா கதை எழுதுறேன். ப்ளஸ் டூ படிக்கிற என் பையன் "இது காப்பி அடிக்கிறதும்மா, கேஸ் போடுவாங்க"ங்கிறான். போடுவாங்களா? – ஒரு டீச்சர், அம்மாப்பேட்டை

போட மாட்டாங்க டீச்சர், தைரியமா எழுதுங்க. கல்கி 1954ல காலமாயிட்டாரு, நம்ம நாட்டுல ரைட்டர் போனதுக்கப்புறம் 60 வருஷம்தான் காப்பிரைட், அந்த 60 முடியறதுக்கு முன்னாடியே அவரு எழுத்தை கவர்மெண்ட் நாட்டுடைமை ஆக்கிட்டாங்க. இப்ப உயிரோட இருக்கிற ஒருத்தரோட கேரக்டரை எடுத்து புக் போட்டு காசு பாக்குறது வேற கதை, அந்தப் பக்கம் மட்டும் தலை வச்சுப் படுக்காதீங்க.

அப்புறம் பையன்கிட்ட விக்கிரமன் பேரைச் சொல்லுங்க. பொன்னியின் செல்வன் முடிஞ்ச இடத்துல இருந்து அவரு "நந்திபுரத்து நாயகி"ன்னு தொடர்ச்சி எழுதினாரு, அதை யாரும் காப்பின்னு சொல்லலியே. இன்னும் பழசு வேணும்னா அல்லி அரசாணி மாலை இருக்கு. வியாசர் பாரதத்துல தேடிப் பாருங்க, அல்லின்னு ஒரு ஆளே கிடையாது. நம்மாளுங்க மதுரையில ஒரு ராணியை உட்கார வச்சு, ஆம்பளைன்னாலே ஆகாதுன்னு இருக்கிற அவகிட்ட அர்ஜுனனைக் கொண்டு போய் மாட்டி விட்டு, கிருஷ்ணன் பாம்பாட்டியா வந்து அர்ஜுனன் பாம்பா மாறின்னு என்னென்னமோ பண்ணி வச்சிருக்காங்க. எங்க அம்மாயி பெரிய எழுத்து புக்கை மடியில வச்சுக்கிட்டு, கண்ணாடி ஒரு பக்கம் காம்பு உடைஞ்சு நூல் கட்டியிருக்கும், ராகம் போட்டுப் படிக்கும், அல்லி அர்ஜுனனைத் திட்டுற இடம் வந்தா மட்டும் குரல் தானா ஏறும். ஃபேன் ஃபிக்‌ஷன்கிற பேரு அதுக்குத் தெரியாது, ஆனா யாரு சைடுங்கிறது தெரியும்.

ஃபேன் ஃபிக்‌ஷன் படிக்கிறப்போ உங்களுக்கு எதைப் பாத்தா பத்திக்கிட்டு வரும்? ஒளிக்காம சொல்லுங்கக்கா. – காலேஜ் பொண்ணு, ஃபேர்லேண்ட்ஸ்

ஒளிக்கிறதா, இந்தக் கேள்விக்காகத்தானே காத்துக்கிட்டு இருந்தேன்.

மொதல்ல சாப்பாடு. போன மாசம் ஒரு கதை படிச்சேன், நல்லாவே எழுதியிருந்தாங்க, வந்தியத்தேவன் நம்ம சேர்வராயன் மலைக்கு வர்றான், மழை, மூடுபனி, குதிரை மூச்சு விடுறது புகையா வருதுன்னு ஒரு வரி, ஆஹான்னு இருந்துச்சு, அடுத்த வரியில ஒரு மலைக்குடிசையில அவனுக்கு சுடச்சுட காபி குடுக்குறாங்க. பத்தாம் நூற்றாண்டு கண்ணு! ஏற்காட்டுக்குக் காபிச் செடியே 1820கள்ல காக்பர்ன்னு சேலம் கலெக்டரா இருந்த வெள்ளைக்காரர் காலத்துலதான் வந்துச்சு. சரி போனாப் போகுதுன்னு மேல படிச்சா பழையாறை அரண்மனையில மிளகாய் பஜ்ஜி. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கா கண்டத்துச் சரக்கு, 1498ல வாஸ்கோடகாமா வந்து எறங்கினதுக்கு அப்புறம்தான் போர்த்துகீசியர் மூலமா இங்க வந்து சேர்ந்துச்சு. இன்னொருத்தர் குந்தவைக்கு ஜவ்வரிசி பாயாசம் வச்சிட்டாரு. ஊர்ப் பாசம் புரியுது, ஆனா மரவள்ளியும் அதே கண்டத்துலருந்து வந்ததுதான், நம்மூர்ல ஜவ்வரிசி ஃபேக்டரியெல்லாம் 1940கள்ல ஆரம்பிச்ச கதை. மிளகு போடுங்க, புளி போடுங்க, சாமை, தினை, தேன்னு எவ்ளோ இருக்கு, மலையில பலாப்பழம் இல்லியா?

ரெண்டாவது, ஆளையே மாத்திடுறது. வந்தியத்தேவன்னா யாரு, வாய் சும்மா இருக்காது, ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீரநாராயண ஏரிக்கரையில குதிரையில வர்றப்பவே வேடிக்கை பாத்துக்கிட்டே வர்றவன், அவசரப்பட்டு மாட்டிக்குவான், பொய் சொல்லித் தப்பிப்பான். அவனைப் போயி அத்தியாயம் பூரா நிலாவைப் பாத்துப் பெருமூச்சு விட வச்சா அது வேற யாரோ, அதுக்கு வேற பேரு வச்சுக்கோங்க. ஆழ்வார்க்கடியானை வம்பு பண்ணாம அமைதியா உட்கார வச்ச கதை கூட ஒண்ணு வந்துச்சு, அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல.

மூணாவது, திடீர்னு வர்ற அந்தப் பொண்ணு. கண்ணு நீலமா இருக்கும், கத்தி சுத்துவா, பதினாறு பாஷை தெரியும், அருள்மொழிவர்மரே ஐடியா கேப்பாரு, கடைசியில எல்லாரையும் காப்பாத்திட்டு சாவா, சோழ நாடே அழும். இதுக்கு மேரி சூன்னு பேரு. 1973ல பாலா ஸ்மித்ங்கிறவங்க ஸ்டார் ட்ரெக்ங்கிற விண்வெளி டிவி தொடரோட ரசிகர்களுக்குள்ள சுத்துன ஒரு பத்திரிகையில கிண்டலா ஒரு குட்டிக்கதை எழுதினாங்க, அதுல அந்த விண்கப்பல் படையிலயே சின்ன வயசு லெப்டினென்ட் பொண்ணு, பதினஞ்சரை வயசு, அவ பேருதான் மேரி சூ, அந்தப் பேரு அப்படியே நின்னுபோச்சு. ஒண்ணு சொல்லணும், பதினாலு வயசுப் புள்ள இப்படி எழுதினா நான் கிண்டல் பண்ண மாட்டேன், எல்லாரும் அங்க இருந்துதான் ஆரம்பிச்சோம், எனக்கும் ஒரு நோட்டு இருக்கு, பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில. நாப்பது வயசுல எழுதினா பண்ணுவேன்.

நாலாவது, பாதியில விட்டுட்டுப் போறது. இருபத்தி மூணு அத்தியாயம் எழுதி, கத்தி கழுத்துல இருக்கிறப்போ "எக்ஸாம் முடிஞ்சு வர்றேன் ஃப்ரெண்ட்ஸ்"னு போட்டுட்டு ஆளே காணாமப் போனா, கழுத்துல கத்தியோட நிக்கிறவன் என்ன பண்ணுவான்?

எழுத்துப்பிழையைப் பத்தி நான் பேசல, எங்க பத்திரிகையிலயே வருது.

எங்க வீட்டு மாடியில ரெண்டு பொண்ணுங்க வாடகைக்கு இருக்காங்க, நருட்டோ யாரைக் கட்டியிருக்கணும்னு சண்டை போட்டு ஒரு மாசமா பேசிக்கிறதில்ல. கேஸ் சிலிண்டர் மாத்தக்கூட தனித்தனியா என்னைக் கூப்பிடுறாங்க. – ஹவுஸ் ஓனர், அழகாபுரம்

சார், நருட்டோ வர்ற அந்த ஜப்பான் காமிக்ஸ் 2014லயே முடிஞ்சு, அவரு ஹினாட்டாங்கிற பொண்ணைக் கட்டி, ரெண்டு புள்ளைங்களும் ஆச்சு. அந்தத் தீர்ப்புக்கு அப்பீலே கிடையாதுன்னு சொல்லிப் பாருங்க. சகுராவைத்தான் கட்டியிருக்கணும்ங்கிற கட்சி அப்பவும் அடங்காது, அவங்க அடங்கக் கூடாதுன்னுதான் ஃபேன் ஃபிக்‌ஷனே இருக்கு, அந்தப் பொண்ணை உட்கார்ந்து எழுதச் சொல்லுங்க. சிலிண்டரை நீங்க மாத்தாதீங்க, ரெண்டு பேரு சேர்ந்து தூக்கட்டும்.

ஏற்காட்டுல இருக்கேன். அடுத்த தடவை சென்னை காமிக் கானுக்கு காஸ்ப்ளே பண்ணிட்டுப் போகணும், ஒரு வீரனோட கவசமும் வாளும். பட்ஜெட் கம்மி, அப்பா வேற முறைக்கிறாரு. வழி சொல்லுங்கக்கா. – நாகலூர் தம்பி

தம்பி, நல்ல ஆளுகிட்டதான் கேட்டிருக்க. 2024 பிப்ரவரியில நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டர்ல சென்னைக்குன்னு மொத தடவையா காமிக் கான் போட்டப்போ நான் போனேன். டெல்லியில 2011லயே ஆரம்பிச்சது நம்ம பக்கம் வந்து சேர இத்தனை வருஷம்.

கவசத்துக்குத் தகரம், இரும்புன்னு போயிடாத. வாசல்ல செக் பண்ணுவாங்க, மெட்டல் வாளு, கூரா இருக்கிறது எதையும் உள்ள விட மாட்டாங்க. யோகா மேட் மாதிரி இருக்குமே அந்த ஃபோம் ஷீட், அதை வாங்கி, பழைய நியூஸ்பேப்பர்ல அளவு வெட்டிப் பாத்துட்டு அப்புறமா ஃபோம்ல வெட்டு. வளைக்கணும்னா ஹீட் கன், அது இல்லேன்னா ஹேர் ட்ரையர்ல கொஞ்சம் வளையும், கேஸ் அடுப்புல காட்டாத, புகை ஆகாது. செருப்பு தைக்கிறவங்க வச்சிருக்கிற ரப்பர் சொல்யூஷன் ரெண்டு பக்கமும் தடவி, தொட்டா ஒட்டாத பதம் வந்ததும் அழுத்து. இதுதான் முக்கியம்: நேரா பெயிண்ட் அடிச்சா ஃபோம் குடிச்சிடும், ஃபெவிகாலைத் தண்ணி கலந்து மூணு கோட்டு அடிச்சுக் காய வச்சுட்டு அதுக்கு மேல அக்ரிலிக் அடி. வேலைப்பாடு பாக்கணும்னா செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வா, அங்க டிசைன் ஓடுற விதத்தைப் பாத்து ஃபோம்ல சால்டரிங் அயர்ன் வச்சுக் கீறலாம், ஜன்னலைத் தொறந்து வச்சுக்கோ, மாஸ்க் போட்டுக்கோ.

ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பிப்ரவரியில நான் மூணரை அடி ஃபோம் வாளை எங்க வீட்டுக்காரரோட கட்டம் போட்ட லுங்கியில சுத்தி, புது பஸ் ஸ்டாண்டுல சென்னை பஸ் ஏறினேன். கண்டக்டர் பாத்தாரு. "என்னங்கம்மா இது, கடப்பாரையா?"ன்னாரு. இல்லீங்க வாளுன்னேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. லுங்கியைப் பிரிச்சு அவரு கையில குடுத்தேன், தூக்கிப் பாத்தாரு, வெயிட்டே இல்ல, கட்டை விரலால ஓரத்தை அமுக்கினாரு, உள்ள போயி மெதுவா மேல வந்துச்சு, அந்த அமுங்கறது அவருக்குப் பிடிச்சுப் போச்சு போல, இன்னும் ரெண்டு தடவை அமுக்கிட்டு "லக்கேஜ் வேணாம், மேல வைக்காதீங்க, நசுங்கிடும், மடியிலயே வச்சுக்குங்க"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அந்தக் கட்டை விரல் தடம் இன்னும் லேசா இருக்கு, நான் அதைச் சரி பண்ணல.

அப்பா விஷயம். கவசம் ஒட்டுறப்போ பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்னு அவரைக் கூப்பிடு. "இப்படியா ஒட்டுவாங்க, குடு இங்க"ன்னு அவரே வாங்கலேன்னா எனக்கு மறுபடி எழுது.

27 வயசுப் பையன் சம்பளத்துல பொம்மை வாங்குறான். – கவலையுள்ள தகப்பன், குகை

வாடகை, ஈ.எம்.ஐ. எல்லாம் கட்டிட்டு வாங்குறானா? அப்ப விடுங்க. தூசி மட்டும் அவனே துடைக்கட்டும்.

நம்ம சேலத்துல ஒரு கான் நடத்த முடியாதாக்கா? எல்லாத்துக்கும் சென்னை, பெங்களூருன்னு ஓட வேண்டியிருக்கு. – அஞ்சு ரோடு பசங்க

எதுக்கு முடியாது? இன்னிக்கு உலகமே பேசுற சான் டியாகோ காமிக் கான், 1970 மார்ச்ல ஒரு ஹோட்டல் பேஸ்மென்ட்ல ஒரே ஒரு நாள், ஒரு நூறு பேரோட ஆரம்பிச்சதுதான். ஜப்பான்ல இதே மாதிரி நடக்குற காமிக்கெட் 1975 டிசம்பர்ல ஆரம்பிச்சப்போ 32 குழு, சுமார் 700 பேரு. நம்மூர்ல ஒரு சுமாரான காதுகுத்துக்கு வர்ற கூட்டம்தானே அது?

முகூர்த்தம் இல்லாத மாசமாப் பாருங்க, ஆடியிலயும் மார்கழியிலயும் மண்டபம் சும்மாதான் கெடக்கும், பேசினா வாடகை குறைப்பாங்க. ஆடின்னா கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தை விட்டுடுங்க, அன்னிக்கு ரோட்டுல நடக்கவே முடியாது, உங்க காஸ்ப்ளேயைப் பாத்து வேஷம் போட்டு வந்திருக்காங்கன்னு காசு போட்டாலும் போடுவாங்க. ஏற்காட்டுல வைக்கலாம்னு ஒருத்தர் எழுதியிருக்கீங்க, நெனைக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தலைக்கவசம் மாட்டிக்கிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க. மே மாசம் வேண்டவே வேண்டாம், கோடை விழாக் கூட்டம்.

சாப்பாட்டுக்கு வாசல்ல ஒரு தட்டுவடை செட் வண்டி போதும். பீட்ரூட் துருவல் கவசத்துல கொட்டாம சாப்பிட ஒரு ஓரமா பெஞ்ச் போடுங்க. பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வச்சிருக்கிற பெரியவங்களையும் கூப்பிடுங்க, 1972ல இரும்புக்கை மாயாவி படிச்ச ஆளுங்க நம்மூர்ல நெறைய இருக்காங்க, ஈரோடு புத்தகத் திருவிழா வந்தா காமிக்ஸ் வாசகருங்க சந்திப்புன்னு கிளம்பிடுவாங்க. ரொம்ப வருஷமா கான் நடத்துறவங்க அவங்க, அந்தப் பேருதான் வைக்கல.

மறுநாள் மிச்சம் இருக்கிறவங்க ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னாடி காஸ்ப்ளேயோட ஒரு போட்டோ எடுத்துக்குங்க. தமிழ்ல மொத கலர் படம் 1956ல அந்தக் கேட்டுக்குள்ள இருந்துதான் வந்துச்சு, வாளும் கவசமும் அந்த இடத்துக்குப் புதுசு இல்ல.

நீங்களும் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுவீங்கன்னு கேள்விப்பட்டேன். அதை எப்பக்கா முடிப்பீங்க? – பேரு வேண்டாம், கன்னங்குறிச்சி

யாரு சொன்னது உனக்கு? சரி. பதினோராவது அத்தியாயத்துல வந்தியத்தேவன் மலை அடிவாரத்துல மழையில நிக்கிறான், மூணு வருஷம் ஆச்சு. குதிரைக்குக் கொள்ளு மட்டும் போட்டாச்சு.