தொலைந்த டிஸ்க்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

ஃப்ளோரிடாவில் பதினோரு வருடமாக டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறேன். டிஸ்க் என்கிற பிளாஸ்டிக் தட்டை எறிந்து, தூரத்தில் இருக்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம் அது. பிடித்த டிஸ்க்கைத் தொலைத்துவிட்டு எழுதியவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டாலஸ்: ஆறு வருடம் வைத்திருந்த ரோக் என்ற டிஸ்க் புதருக்குள் போய்விட்டது. "பத்து டாலர் கொடுத்தால் இன்னொன்று வருமே, இதற்கா அழுகிறாய்?" என்கிறார் வீட்டுக்காரர்.

அக்கா, கடையில் இருப்பது அந்த ரோக் இல்லை. வலது கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசி எறிந்தால் புது டிஸ்க் கடைசியில் இடப்பக்கம் சரியும். மரத்தில் மோதி, கல்லில் உரசி, விளிம்பு தேயத் தேய அந்தச் சரிவு குறைந்து நேராகப் போகும். இன்னும் தேய்ந்தால் வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். டிஎக்ஸ் மாதிரி மலிவு பிளாஸ்டிக்கில் இது சீக்கிரமே நடக்கும். உங்கள் கையும் அந்தத் தேய்மானத்தோடு சேர்ந்தே பழகியிருக்கும். என் ரோக்கின் விளிம்பில், ஓக் மரத்தில் பட்டுப் பிறை மாதிரி ஒரு வடு இருந்தது. ஆள்காட்டி விரல் தானாக அங்கே போய் உட்காரும். பைக்குள் பார்க்காமல் கைவிட்டாலும் அதை எடுத்துவிடுவேன்.

அழுங்கள், தப்பே இல்லை. பிறகு அதே பிளாஸ்டிக்கில், அதே எடையில் இரண்டு வாங்குங்கள். ஒன்றைத் தினமும் எறியுங்கள், மற்றதைப் பத்திரமாக வையுங்கள்.

சார்லட்: எங்கே தேடத் தொடங்குவது?

விழுந்தது என்று நினைக்கும் இடத்துக்குப் பத்துப் பதினைந்து அடி இப்பாலிருந்தே. எறிந்தவர் கண்ணுக்குத் தூரம் கூடுதலாகத்தான் தெரியும். அடுத்த முறை டிஸ்க் தரையைத் தொடும்வரை கண்ணை எடுக்காமல், பக்கத்தில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவிக்குள் கை விடாதீர்கள், பட்டால் அரிப்பெடுக்கும் செடி அது.

சியாட்டில்: போட்டியில் எவ்வளவு நேரம் தேடலாம்?

மூன்று நிமிடம். குழுவில் எல்லாரும் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு த்ரோ பெனால்டி (கணக்கில் ஓர் எறிதல் கூடும்), முன்பு எறிந்த இடத்திலிருந்தே மறுபடி எறிய வேண்டும்.

ஆர்லாண்டோ: குளத்தில் விழுந்தது. இடுப்பளவு தண்ணீர்தான்.

இறங்காதீர்கள். 2022 மே மாதக் கடைசியில், லார்கோவின் ஜான் எஸ். டெய்லர் பூங்கா ஏரியில் டிஸ்க் தேடி இறங்கிய ஒருவர் முதலை தாக்கி இறந்தார். ஊர்க் கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவோமே, அதே மாதிரி கயிறு கட்டிய ரிட்ரீவர் விற்கிறார்கள். கரையில் நின்று வீசி இழுங்கள்.

டாம்பா: எங்கள் குளத்தில் முதலையைப் பார்த்ததே இல்லை. இறங்கலாமா?

மேலே சொன்னதுதான். இறங்காதீர்கள்.

ஹூஸ்டன்: மிதக்கிற டிஸ்க் இல்லையா?

பெரும்பாலானவை மூழ்கும். இன்னோவா கம்பெனியின் டிராகன் என்ற டிஸ்க் மிதக்கும். கூடைக்குப் போகும் வழியில் தண்ணீர் குறுக்கிட்டால் அதை எறியுங்கள்.

சிகாகோ: எந்த நிறம் வாங்க?

பிங்க். பச்சை வேண்டாம். பனியில் வெள்ளை வேண்டவே வேண்டாம், அடியில் ரிப்பனும் ஒட்டுங்கள்.

ஃபீனிக்ஸ்: கண்டெடுத்த டிஸ்க்கில் பெயரும் நம்பரும் இருக்கிறது. எடுத்தவனுக்கே சொந்தம் என்கிறான் நண்பன்.

இல்லவே இல்லை. எழுதியவர் அதைத் தேடி இரண்டு நாள் தூங்காமல்கூட இருந்திருப்பார். இன்றே கூப்பிடுங்கள்.

நியூ ஜெர்சி: நாள் முழுக்கச் சேற்றில் துழாவி எடுக்கிறவனுக்குக் கூலி வேண்டாமா?

தாராளமாகக் கேளுங்கள், நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் முதலில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நம்பரைத் தின்னர் போட்டு அழித்து விற்பதற்குக் கூலி என்று பெயர் இல்லை.

ஃபீனிக்ஸ் நண்பர் மறுபடியும்: தொலைத்தது அவர் கவனக்குறைவுதானே?

தம்பி, காற்று தள்ளியதும் கவனக்குறைவா? பஸ்ஸில் பர்ஸைக் கண்டெடுத்தால் அடையாள அட்டையைப் பார்த்து அழைக்க மாட்டீர்களா? அழைத்தும் எடுக்கவில்லை என்றால் குறுஞ்செய்தி அனுப்பி, ஒரு மாதம் பொறுங்கள். நம்பரே இல்லாவிட்டால் அந்த மைதானத்து ஆட்டக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

ராலே: டிஸ்க்கில் என்ன எழுத வேண்டும்?

இதே கேள்வி நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அடிப்பக்கத்தில் பெயர், போன் நம்பர், பெர்மனென்ட் மார்க்கரில். மங்கினால் மறுபடி எழுதுங்கள்.

டாலஸ் அக்கா: உங்கள் ரோக் திரும்பக் கிடைத்ததா?

இல்லை. அதில் இருந்தது என் பழைய நம்பர். போனை மாற்றியபோது திருத்தி எழுதவில்லை. யாராவது எடுத்துக் கூப்பிட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இப்போது பையில் இருக்கும் 14 டிஸ்க்கிலும் புது நம்பர் எழுதியிருக்கிறேன்.