மஸ்காராவை 3 மாதத்தில் மாற்றச் சொல்வது ஏன்?

பல ஒப்பனைப் பொருட்களின் மேல், மூடி திறந்த டப்பா போல ஒரு சின்னப் படமும் அதில் 6 அல்லது 12 என்று ஓர் எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இமை முடிக்குப் பூசும் மஸ்காராவுக்கு மட்டும் பொதுவாக 3 மாதமே போதும் என்பார்கள்.

காரணம் பிரஷ்தான். இமையில் பட்ட பிரஷ், அங்குள்ள கிருமிகளோடு ஈரமான, இருட்டான குழாய்க்குள் திரும்பப் போகிறது. வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் திரும்ப ஜாடிக்குள் விடுவது போலத்தான் இது. உள்ளே கெடாமல் காக்கும் பொருள் இருக்கிறது, ஆனால் தினமும் புதுக் கிருமிகள் வந்தால் அதுவும் எத்தனை நாள்தான் தாங்கும்? பிரஷை மேலும் கீழும் குத்திக் குத்தி எடுத்தால் காற்றும் உள்ளே போய்ச் சீக்கிரம் காய்ந்துவிடும்.

கண்ணில் தொற்று வந்தால் மாதக் கணக்கே பார்க்காதீர்கள், அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்புறம், மஸ்காராவை யாருக்கும் கடன் கொடுக்க வேண்டாம், நெருங்கிய தோழியாக இருந்தாலும் சரி. பவுடர் வகைகள் ஈரம் படாதவரை இன்னும் நாள் தாங்கும்.

காய்ந்த மஸ்காராவில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காக்கும் பொருளை நீர்க்கச் செய்து, புதுக் கிருமிகளையும் உள்ளே சேர்க்கிறது.