பெங்களூரில் ஸ்டார்ட்அப் நடத்தும் நிறுவனர்கள் அமெரிக்காவில் தங்கி வேலை பார்க்க எந்த விசா சரிப்படும்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நண்பர்கள், பெங்களூரில் இரண்டு வருடக் கம்பெனி, ஏழு ஊழியர்கள், வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவில். ஒருவராவது அங்கே போய் உட்கார வேண்டும், அமெரிக்காவா, கனடாவா, சிங்கப்பூரா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "நாங்கள் இருவரும் இன்னும் சம்பளம் எடுக்கவில்லை" என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் பட்டது அந்த வரிதான். அதே காரணத்தால் எனக்கு ஒன்றரை வருடம் போனது.

நான் திருப்பூர்க்காரி. பெங்களூர் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் 2019-ல் கம்பெனி ஆரம்பித்தோம். நிட்டிங் மெஷினில் துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி உடைந்தால் விழும் நீளக் கோடு இதையெல்லாம் கேமரா வைத்துப் பிடிக்கும் மென்பொருள். முதல் வாடிக்கையாளர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அடுத்து வந்தவர்கள் அமெரிக்காவின் வட கரோலினா மில்காரர்கள். மெஷின் பக்கத்தில் ஆள் நின்று காட்டாமல் அவர்கள் வாங்க மாட்டார்கள்.

முதலில் இந்திரா நகரில் ஒரு விசா ஆலோசகரைப் பார்த்தேன். "பி-1ல போங்க மேடம், மத்தத அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். தயவுசெய்து இந்தப் பேச்சை நம்பாதீர்கள். பி-1 என்பது குறுகிய காலத் தொழில் பயணத்துக்கான விசா. அதில் வாடிக்கையாளரைச் சந்திக்கலாம், பேரம் பேசலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், கண்காட்சிக்குப் போகலாம். அங்கே உட்கார்ந்து அலுவலகம் நடத்தக் கூடாது. நடத்தினால் நாளைக்கு நீங்கள் போடும் ஒவ்வொரு மனுவிலும் அது குறுக்கே வந்து நிற்கும். அந்த ஆலோசகருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அமெரிக்காவில் நிறுவனர்களுக்கென்று தனி விசா கிடையாது. 2010-ல் ஜான் கெரியும் ரிச்சர்ட் லூகரும் செனட்டில் அப்படி ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. அதனால் வேறு ஆட்களுக்காகத் தைத்த சட்டைகளில் நமக்கு எது பொருந்தும் என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பொருந்தியது எல்-1ஏ. இந்தியக் கம்பெனியில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை அதே நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த அமெரிக்கக் கம்பெனிக்கு மாற்றுகிற விசா. பெரிய ஐ.டி. கம்பெனிகளுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அமெரிக்காவில் புதிதாக அலுவலகம் திறப்பவர்களுக்கும் இது உண்டு. முதலில் ஒரு வருடம் தருவார்கள், பிறகு நீட்டிப்பு, மொத்தம் 7 வருடம் வரை. குலுக்கல் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள், தொடர்ச்சியாக ஒரு வருடம் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் கம்பெனியில், அதாவது நம் இந்தியக் கம்பெனியில், வேலை பார்த்திருக்க வேண்டும். 2022 ஜனவரியில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசியபோது, "மூணு வருஷமா ராத்திரி பகலா இதே வேலைதானே" என்று தெம்பாகச் சொன்னேன். "சம்பளச் சீட்டு இருக்கா? ஃபார்ம் 16? பி.எஃப்.?" என்று கேட்டார். ஒன்றுமே இல்லை. காசை மிச்சம் பிடிக்க நானும் இணை நிறுவனரும் சம்பளமே எடுக்காமல் இருந்தோம். நடுவில் சில மாதம் கன்சல்டன்ட் என்று பில் போட்டு வாங்கியிருந்தேன். அது இன்னும் மோசம். என் கையெழுத்தோடு, நான் ஊழியர் இல்லை என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஏப்ரலில்தான் சம்பளம் போட ஆரம்பித்தோம். நடுவில் 40 நாள் வட கரோலினாவில் இருக்கும் சார்லட்டுக்குப் போய் வந்தேன். அமெரிக்காவில் இருக்கும் நாட்கள் அந்த ஒரு வருடக் கணக்கில் சேராது என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த 40 நாளையும் பிறகு இங்கே இருந்து ஈடுகட்டினேன். மனு போனது 2023 நடுவில்.

இரண்டாவது சிக்கல், நீங்கள் செய்யும் வேலை. எல்-1ஏ மேலாளருக்கு. ஒரு வாரத்தில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று சதவீதம் போட்டு எழுதச் சொன்னார் வக்கீல். நான் நேர்மையாக "கோடிங் 40 சதவீதம்" என்று எழுதினேன். அதைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பி, "இதை அழிக்கச் சொல்லலை, வேலையை மாத்துங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி. கடலூரிலிருந்து வந்திருந்த ஒரு சீனியர் பொறியாளரைத் தொழில்நுட்பத் தலைவராக்கி, நான் எழுதிய நிரல் முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தேன். மனம் வராமல்தான் செய்தேன். ஆறு மாதம் கழித்து எழுதிய தாளில் அந்த வரி இல்லை, என் மேஜையிலும் அந்த வேலை இல்லை. ஏழு பேர் கம்பெனியில் எல்லாரும் எல்லா வேலையும் பார்ப்போம். உங்கள் ஏழு பேரில் யாருக்குக் கீழே யார் என்று இப்போதே வரைந்து பாருங்கள்.

அங்கே மெய்யான இடமும் காட்ட வேண்டும். கோ-வொர்க்கிங்கில் ஒரு நாற்காலி போதாது என்றார்கள். சார்லட்டில் கதவு போட்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம், ஒப்பந்தமும் புகைப்படமும் மனுவோடு போயின. அப்படியும் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடமிருந்து கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. அந்தக் கன்சல்டன்ட் பில்களைப் பற்றித்தான்! முதல் வருடம் முடிந்து நீட்டிப்புக்குப் போகும்போது கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கும். நிர்வாகி ஒருவரைத் தாங்கும் அளவுக்கு ஆளும் வியாபாரமும் அங்கே வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். நாங்கள் அதற்குள் உள்ளூரில் நான்கு பேரை வேலைக்கு எடுத்திருந்தோம்.

பணம் அனுப்புவதையும் தள்ளிப்போடாதீர்கள். இந்தியக் கம்பெனியே அமெரிக்கக் கம்பெனியைத் தொடங்கினால் அது வெளிநாட்டில் போய்ச் செய்யும் நேரடி முதலீடு (ஓ.டி.ஐ.). 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி வங்கி வழியாகப் படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் அடையாள எண் வாங்கிய பிறகுதான் பணம் போகும். உங்கள் ஆடிட்டருக்கு இதில் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வியில் குடும்பத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முடிவானதே அதை வைத்துத்தான். என் கணவர் கட்டட வடிவமைப்புப் பொறியாளர். "நீ போற ஊருக்கு நான் வரேன்மா, ஆனா வருஷக்கணக்கா வீட்டுல சும்மா உக்காரச் சொல்லாத" என்றார். நியாயம்தானே. எல்-1 வைத்திருப்பவரின் துணைக்கு எல்-2 கிடைக்கும், 2021 நவம்பரிலிருந்து தனி அனுமதி அட்டைக்குக் காத்திருக்காமலேயே வேலைக்குப் போகலாம். அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஓ-1 எடுத்தால் துணைக்கு ஓ-3, அதில் வேலை பார்க்க முடியாது. அமெரிக்கக் கம்பெனி வெளிநாட்டு வல்லுநரை வேலைக்கு எடுக்கும் எச்-1பி-யில் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால்தான் துணைக்கு வேலை அனுமதி. விசாப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

இணை நிறுவனர் திருநெல்வேலிக்காரன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான், கல்யாணம் ஆகவில்லை. அவன் எடுத்தது ஓ-1ஏ. அசாதாரணத் திறமை என்று சட்டம் சொல்வதைக் கேட்டதும், "நோபல் பரிசா வாங்கிருக்கேன், விடுங்கக்கா" என்றான். நோபல் தேவையில்லை. எட்டு அளவுகோல்களில் மூன்றையாவது நிரூபிக்க வேண்டும்: விருது, தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அமைப்பில் உறுப்பினர், உங்களைப் பற்றிய கட்டுரை, பிறர் வேலையை மதிப்பிட்டது, துறையில் சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், பெயர்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம். அவன் ஐ.ஐ.எஸ்.சி.யில் பிஎச்.டி. முடித்தவன், கட்டுரைகளும் காப்புரிமையும் இருந்தன. மற்றவர்களின் கட்டுரைகளை மாநாடுகளுக்காகப் பரிசீலித்தும் கொடுத்திருந்தான். ஆனால் அந்த நன்றி மின்னஞ்சல்களையெல்லாம் இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது என்று அழித்துவிட்டான். ஒவ்வொரு மாநாட்டுக்காரருக்கும் எழுதிக் கடிதம் வாங்க நான்கு மாதம் ஆனது. உங்களில் யாராவது எங்காவது நடுவராக உட்கார்ந்தால், பேச அழைக்கப்பட்டால், பத்திரிகையில் பெயர் வந்தால், அன்றைக்கே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். முதலில் 3 வருடம் வரை தருவார்கள், அதன்பின் நீட்டிக்கலாம். இதற்கும் வரம்பு இல்லை. உங்களுக்காக நீங்களே மனுப் போட முடியாது, உங்கள் அமெரிக்கக் கம்பெனி போடலாம்.

பலர் கேட்கும் இன்னொன்று சர்வதேசத் தொழில்முனைவோர் விதி. 2017-ல் கொண்டுவந்தார்கள், அடுத்த அரசு நிறுத்தப் பார்த்தது, 2021-ல் மீண்டும் உயிர்பெற்றது. கம்பெனி தொடங்கி 5 வருடத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்குக் குறைந்தது 10 சதவீதப் பங்கு வேண்டும், கடந்த 18 மாதத்துக்குள் 3,11,071 டாலர் முதலீடு வந்திருக்க வேண்டும். இது 2024 அக்டோபரில் உயர்த்திய தொகை. கிடைப்பது இரண்டரை வருடம், ஒருமுறை அதே அளவு நீட்டிப்பு. ஆனால் முதலீட்டாளர் அமெரிக்கக் குடிமகனாகவோ, கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ, அவர்கள் கையில் இருக்கும் அமெரிக்க நிறுவனமாகவோ இருக்க வேண்டும். பெங்களூர் கோரமங்களாவில் திரட்டிய பணம் எத்தனை கோடியானாலும் இந்தக் கணக்கில் வராது, அப்பா அம்மா போட்ட பணமும் வராது. தவிர இது விசா இல்லை, தற்காலிக அனுமதி. எந்த அரசு வருகிறதோ அதன் மனப்போக்கைப் பொறுத்தது. இதை மட்டும் நம்பி வீட்டைக் காலி செய்ய நான் சொல்ல மாட்டேன்.

எச்-1பி: 85,000 இடம், ஆண்டுக்கு ஒருமுறை ஆள் தேர்ந்தெடுப்பார்கள். 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. சின்னக் கம்பெனிக்கு அந்தப் பேச்சே வேண்டாம். ஈ-2 முதலீட்டாளர் விசா ஒப்பந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. கிரனடா பாஸ்போர்ட் வாங்கி அந்த வழியில் போகலாம் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 2022 டிசம்பரில் சட்டம் மாறிவிட்டது. பணம் கட்டிக் குடியுரிமை வாங்கியவர் அந்த நாட்டில் மூன்று வருடம் வாழ்ந்திருக்க வேண்டும்.

கிரீன் கார்டு பற்றி ஒன்று மட்டும். வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, உயர்படிப்பு படித்தவர்களுக்கான ஈபி-2 பிரிவில் பத்து வருடத்துக்கு மேல் தேங்கிக் கிடக்கிறது. வேலை கொடுப்பவர் இல்லாமல் நாமே போடும் தேசிய நலன் மனு அங்கீகாரமானாலும் நிற்பது அதே வரிசையில்தான். ஆனால் உங்கள் மனைவியோ கணவரோ மஸ்கட்டிலோ கோலாலம்பூரிலோ பிறந்தவராக இருந்தால் அவர் பிறந்த நாட்டின் கணக்கில் நீங்களும் சேரலாம். நம் ஆட்களில் வளைகுடாவில் பிறந்தவர்கள் எத்தனை பேர்! பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்க்காமலேயே பலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

கனடாவின் ஸ்டார்ட்-அப் விசா நல்ல திட்டமாகத்தான் இருந்தது, நேரே நிரந்தரக் குடியிருப்பு. ஆனால் 2025 டிசம்பர் 31-ஓடு புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள், அந்த ஆண்டிலேயே ஆதரவுச் சான்று வாங்கியவர்களுக்கு மட்டும் விலக்கு. இன்னும் யாராவது அதற்காகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரின் ஆன்ட்ரே பாஸ் முதலில் ஒரு வருடத்துக்கு. 1,00,000 சிங்கப்பூர் டாலர் முதலீடு பெற்றிருப்பது தகுதி காட்டும் வழிகளில் ஒன்று. பிரிட்டனின் இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவில் 2023 ஏப்ரலிலிருந்து பழைய 50,000 பவுண்டு நிபந்தனை இல்லை, அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று உங்கள் திட்டத்தை ஏற்க வேண்டும். இரண்டுமே நல்லவைதான். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் அங்கே இல்லையே.

எல்-1ஏ மனு அங்கீகாரமானதும் ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் விசா வாங்க, நான் போனது சென்னை அமெரிக்கத் தூதரகத்துக்கு. ஜெமினி பாலத்துப் பக்கம், காலை வெயிலில், கண்ணாடிக் கோப்போடு வரிசை. செல்போனை வெளியே கொடுத்துவிட்டு நின்றேன். மூன்று நிமிடம் பேசியிருப்பார்கள். உங்களுக்குக் கீழே எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன, அங்கே போய் முதல் மூன்று மாதம் என்ன செய்வீர்கள், இவ்வளவுதான். ஒன்றரை வருடமாகத் தாளில் எழுதி எழுதி, அதற்குள் அது என் வேலையாகவே மாறியிருந்தது. தடுமாறாமல் சொன்னேன்.

20,000 ரூபாயாக இருந்தாலும் சரி, நீங்கள் இந்த மாதமே இருவருக்கும் சம்பளம் போட ஆரம்பியுங்கள். நியமனக் கடிதம், வங்கி வழியாகப் பணம், வரிப் பிடித்தம், எல்லாம் ஊழியருக்குச் செய்கிற மாதிரியே. போகப்போவது இருவரில் யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்றாலும் இருவருக்கும் போடுங்கள்.