ஆம்பூர் அப்பாவுக்கு: வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

ஆம்பூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் பயாலஜி குரூப், நல்ல மார்க். நீட் இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை. தாய்மாமா நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்பிபிஎஸ் சீட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார். வீட்டை அடகு வைத்தால் முதல் வருடக் கட்டணம் கட்டிவிடலாம். மகளோ, "தோல் ஷெட்டில் எல்லாரும்தான் பதனிடுகிற குரோம் உப்பைத் தொடுகிறார்கள், சிலருக்கு மட்டும் ஏன் கை வெடித்துப் புண்ணாகிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். "இதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறதா சார்?"

இருக்கிறது ஐயா. அதற்கு முன் ஒன்று. அடகு வேண்டாம். நிகர்நிலையில் எம்பிபிஎஸ் முடிக்க ஆகும் மொத்தச் செலவு பல இடங்களில் ஒரு கோடியைத் தாண்டுகிறது. அதன் பிறகு பிஜி சீட்டுக்கு இன்னொரு ஓட்டம். வட்டி கட்டப்போவது நீங்கள், மாமா இல்லை. உங்கள் மகள் கேட்பதும் வைத்தியம் பற்றிய கேள்வி இல்லை. ஒரு ரசாயனம் உடம்புக்குள் எந்த வழியாகக் கெடுதல் செய்கிறது என்ற கேள்வி. அதையே வேலையாகச் செய்பவர்கள் நச்சியல் வல்லுநர்கள்.

மருந்து, பூச்சிக்கொல்லி, தலைச்சாயம் எதுவானாலும் சந்தைக்கு வருமுன் அதன் பாதுகாப்புக்கு அரசு ஆதாரம் கேட்கும். முன்பெல்லாம் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதே பெரும்பாலும் ஆதாரம். இப்போது மூலக்கூறில் தொடங்கும் முதல் உரசலிலிருந்து நோய் வரைக்கும் உள்ள படிகளைக் கோத்துப் பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் அட்வர்ஸ் அவுட்கம் பாத்வே (கெடுதல் விளையும் பாதை), சுருக்கமாக ஏஓபி. சோதனை முறைகளுக்குப் பொது வழிகாட்டிகள் வெளியிடும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி, 2012இல் இதற்கென்று தனித் திட்டம் தொடங்கியது. அந்த ஆண்டே நன்றாக எழுதி முடிக்கப்பட்ட பாதை தோல் ஒவ்வாமை. ரசாயனம் தோலின் புரதத்தோடு ஒட்டுகிறது. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டினோசைட் செல்கள் விழிக்கின்றன. காவல் செல்களான டென்ட்ரிடிக் செல்கள் செய்தியை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் டி செல்கள் பெருகுகின்றன. அடுத்த முறை அதே பொருள் பட்டால் அரிப்பும் கொப்புளமும்.

முதல் மூன்று படிக்கும் தனித்தனிச் சோதனை உண்டு, எலி தேவையில்லை. முதல் படிக்கு டிபிஆர்ஏ என்ற சோதனை; அதன் செய்முறை ஓஇசிடி வழிகாட்டி 442சியில் இருக்கிறது. தோல் புரதத்துக்குப் பதிலாக இதில் பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டுகளை வைக்கிறார்கள். சிஸ்டீன் பெப்டைடு ஒரு பங்குக்கு ரசாயனம் 10 பங்கு, லைசின் பெப்டைடுக்கு 50 பங்கு கலந்து, 25 டிகிரியில், இருட்டில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில், 220 நானோமீட்டர் ஒளியில், எவ்வளவு பெப்டைடு மிச்சம் என்று பார்க்க வேண்டும். இரண்டின் சராசரிக் குறைவு 6.38 சதவீதத்தைத் தாண்டினால் பாசிட்டிவ், அதாவது ஒவ்வாமை தரக்கூடும். இரண்டாவது படிக்கு கெரட்டினோசென்ஸ், மூன்றாவதுக்கு எச்-கிளாட்; இரண்டும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் செய்யும் சோதனைகள். 2021இல் வந்த வழிகாட்டி 497இன்படி, மூன்றில் இரண்டு ஒரே பதில் சொன்னால் அதுவே முடிவு.

முதல் படிச் சோதனையில் தவறு நேர்வதும் உண்டு. எச்பிஎல்சி வரைபடத்தில் ரசாயனத்தின் பீக் (முகடு) பெப்டைடு பீக்கின் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் கணக்கு செல்லாது. காற்றுப் பட்டு சிஸ்டீன் தானே இரட்டையாகச் சேர்ந்துகொண்டால் பொய்யான பாசிட்டிவ். உடம்பின் என்சைம் மாற்றிய பிறகே வினைபுரியும் பொருளாக இருந்தால், கண்ணாடிக் குப்பியில் என்சைம் இல்லாததால் பொய்யான நெகட்டிவ். உலோகங்களுக்கோ இந்தச் சோதனை பொருந்தவே பொருந்தாது, அவை புரதத்தைப் பிடிக்கும் விதம் வேறு. உங்கள் மகள் கேட்ட குரோமும் உலோகம்தான்; அது பாடப்புத்தகத்தின் விளிம்பில் நிற்கும் கேள்வி ஐயா. அந்தப் பிள்ளையை மூன்றாம் முறை கோச்சிங் ஹாஸ்டலில் அடைக்காதீர்கள்.

வழி இதுதான். மருந்தியல் பட்டப்படிப்பான பி.பார்ம் சேர்க்கைக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மார்க் போதும். சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளிலேயே அரசு பி.பார்ம் இருக்கிறது, கட்டணம் உங்கள் கைக்குள் அடங்கும். அது கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. வேதியியல் அல்லது உயிர்வேதியியல். பி.பார்ம் முடித்து, மருந்தியல் மேற்படிப்புக்கான ஜிபேட் தேர்விலும் நைப்பரின் நுழைவுத் தேர்விலும் தேறினால், மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனமான நைப்பரில் ரெகுலேட்டரி டாக்ஸிகாலஜி (ஒழுங்குமுறை நச்சியல்) என்ற பெயரிலேயே எம்.எஸ். பார்ம் படிப்பு உண்டு; எந்த ஊர் நைப்பரில் எத்தனை இடம் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் லக்னோவில் ஐஐடிஆர் என்ற நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் அதோடு பிஎச்டிக்குப் போகலாம்.

வேலை எங்கே என்பீர்கள். ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று பெற்ற ஆய்வகங்களில். 2011 முதல், இந்தியாவில் ஜிஎல்பி முறைப்படி செய்த ஆய்வை ஓஇசிடி நாடுகள் மறுபடி செய்யச் சொல்லாமல் ஏற்றாக வேண்டும். அதனால் வெளிநாட்டு வேலை இங்கே வருகிறது. படப்பையிலேயே அப்படி ஓர் ஆய்வகம் இருக்கிறது. பெங்களூரு, வாபி பக்கமும் உண்டு. ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். முதல் வருடங்களில் பதிவேடுதான் பாதி வேலை. தப்பாக எழுதினால் ஒயிட்னர் கூடாது; ஒற்றைக் கோடு போட்டு, காரணம் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் பாதியில் கிளம்பிவிடுகிறார்கள். ஏஓபி பாதையைப் படித்து, எந்தச் சோதனை எதை நிரூபிக்கும் என்று எழுதத் தெரிந்தவர்கள்தான் மேலே போகிறார்கள்.

நான் சொன்னேன் என்பதற்காகவும் அவளைத் தள்ளாதீர்கள். வழிகாட்டி 442சி இணையத்தில் இலவசம், ஏஓபி பாதைகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஏஓபி-விக்கி தளமும் அப்படியே. இரண்டையும் திறந்து கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். நாலு பக்கத்தில் மூடி வைத்தால் இந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம். கேள்விகளோடு வந்தால், கல்லூரி பார்க்கப் போகும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: எச்பிஎல்சி கருவியை மாணவர்கள் தொட்டு ஓட்டுகிறார்களா, பூட்டிய அறையில் காட்டுகிறார்களா?