கோபுரத் திருப்பணி நன்கொடையை வரியில் கழிக்கலாமா?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியை. 2026 பிப்ரவரியில் முடிந்த வரியாண்டில் என் வரிக்குரிய வருமானம் 4 லட்சம் ராண்ட். கோயில் கோபுரத் திருப்பணிக்கு 30,000 ராண்டும், அதே நிர்வாகம் நடத்தும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு 25,000 ராண்டும் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே 18ஏ ரசீது (வரிக் கழிவு கேட்கத் தேவையான நன்கொடை ரசீது) தருவதாகச் செயலாளர் சொல்கிறார். இல்லத்துக்கு என் கணவர் இலவசமாக மின்வேலையும் செய்தார். எல்லாவற்றையும் கழிக்கலாமா?

பதில்: அம்மா, அந்த ஒரே ரசீதை வாங்காதீர்கள்.

கோயிலுக்கே வருமான வரிவிலக்கு இருக்கலாம். ஆனால் கோயிலுக்கு விலக்கு இருப்பது வேறு, கொடுத்தவருக்குக் கழிவு கிடைப்பது வேறு. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். பொதுநலப் பணிகளைப் பட்டியலிடும், வருமான வரிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இரண்டு பகுதிகள். சமயப் பணி முதல் பகுதியில் மட்டுமே இருக்கிறது. 18ஏ பிரிவுக் கழிவோ இரண்டாம் பகுதிப் பணிகளுக்குத்தான்: நலப்பணி, மருத்துவம், கல்வி போன்றவை. ஆகவே கோபுரத்துக்குக் கொடுத்த 30,000 புண்ணியக் கணக்கில் சேரும், வரிக் கணக்கில் சேராது. தேவாலயத்துக்கும் மசூதிக்கும் இதே விதிதான்.

குழந்தைகள் இல்லத்தின் கதை வேறு. அந்தப் பணிக்கு நிர்வாகம் சார்ஸிடம் (தென்னாப்பிரிக்க வரித்துறை) 18ஏ அங்கீகாரம் வாங்கியிருந்தால் 25,000 முழுவதும் கழியும். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு. உங்களுக்கு அது 40,000. வரம்பைத் தாண்டினாலும் மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆனால் ஒன்று, அந்த 25,000 ராண்ட் வரியிலிருந்து குறையாது, வருமானத்திலிருந்துதான் குறையும். உங்கள் வருமானத்தின் கடைசி அடுக்குக்கு வரி 31 சதவீதம் என்பதால் வரியில் மிச்சமாவது 7,750 ராண்ட்.

உங்கள் கணவரின் வேலைக்குக் கழிவு இல்லை. உழைப்பைச் சட்டம் நன்கொடையாகப் பார்ப்பதில்லை. பாவம்தான், என்ன செய்வது!

செயலாளர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கோபுரப் பணத்துக்கும் 18ஏ ரசீது போட்டால், உங்கள் கழிவு மறுக்கப்படுவதோடு நிர்வாகத்தின் அங்கீகாரமே ஆபத்தில் விழலாம். அப்புறம் அந்தக் குழந்தைகளுக்கு யார் கொடுப்பார்கள்?

25,000க்கு மட்டும் தனி ரசீது கேளுங்கள். அதில் அமைப்பின் அங்கீகார எண், தேதி, தொகை, உங்கள் பெயர், முகவரி இருக்க வேண்டும். 2023 மார்ச் 1 முதல் உங்கள் அடையாள எண்ணும் வரி எண்ணும் கேட்கிறார்கள், தயங்காமல் கொடுங்கள். அதற்கு முன்னால், சார்ஸ் இணையதளத்தில் அந்த அமைப்பு 18ஏ பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் 25,000க்கும் கழிவு கிடையாது.