பக்கத்து வீட்டு ஸ்பானிய ரைஃபிள்: 250 டாலர் பெறுமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் லங்காஸ்டருக்கு அருகே வசிக்கிறேன். வீட்டைக் காலி செய்யும் பக்கத்து வீட்டுப் பெரியவர், குழலின் வாய்வழியே வெடிமருந்து கிட்டித்துச் சுடும் நீண்ட ரைஃபிள் ஒன்றை 250 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். பழைய கெண்டக்கி ரைஃபிள் போல இருக்கிறது, பித்தளை வேலைப்பாடும் உண்டு. குழலில் ஜுகார், ஸ்பெயின், .45 (அங்குலத்தில் குழலின் உள்விட்டம்), கருமருந்துக்கு மட்டும் என்று பொறித்திருக்கிறது. பழம்பொருள் என்று சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: பழம்பொருள் இல்லை. 'கருமருந்துக்கு மட்டும்' என்ற எச்சரிக்கையை அந்தக் காலத்துக் கொல்லர் யாரும் பொறித்ததில்லை. கருமருந்தைத் தவிர வேறு மருந்தே அன்று கிடையாதே! ஜுகார், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன எய்பார் ஊர்ப் பட்டறை. அமெரிக்கா 1976இல் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியதை ஒட்டி இந்தத் துப்பாக்கிகளுக்குப் பெரிய மோகம் பிறந்தது. ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மலிவாக வந்து இறங்கின. உங்கள் பெரியவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஐம்பது ஆண்டு சுவரில் தொங்கினால் எதுவும் பாட்டன் சொத்து போலத்தான் தெரியும்.

கட்டையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அசல் நீள ரைஃபிளில், தோளில் வைக்கும் இடத்திலிருந்து குழலின் வாய் வரை ஒரே மேப்பிள் மரம். (பெயர்தான் கெண்டக்கி. அதைச் செய்தவர்கள் உங்கள் லங்காஸ்டர் பக்கத்து ஜெர்மன் வழிக் கொல்லர்கள்.) மலிவு இறக்குமதிகள் பலவற்றில் கட்டை இரண்டு துண்டு, இணைப்பை மறைக்க நடுவே ஒரு பித்தளைத் தகடு. அந்தத் தகடு இருந்தால் சேகரிப்பாளர் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அதனால் இதைச் சுடுவதற்கு ஒரு கருவியாக மட்டும் வைத்து விலை பேசுங்கள்.

விலைக்கு முன்னால் உயிர். துப்பாக்கியில் மருந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருந்து கிட்டிக்கும் கோலான சலாகையைக் குழலுக்குள் அடி தட்டும் வரை விட்டு, வாயோடு ஒட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வெளியே எடுத்துக் குழலுக்கு மேலே படுக்க வைத்து, கோட்டை வாய் விளிம்போடு பொருத்துங்கள். சலாகையின் மறுநுனி நிப்பிள் (நெருப்பை உள்ளே விடும் சிறு முனை) இருக்கும் இடம் வரை வர வேண்டும். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ குறைந்தால் உள்ளே எதோ இருக்கிறது. அநேகமாக, யாரோ எப்போதோ கிட்டித்துவிட்டு மறந்துபோன மருந்தும் குண்டும். கருமருந்து நனையாமல் இருந்தால் எத்தனை ஆண்டானாலும் வெடிக்கும். நீங்களாக நோண்டாமல், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது குழலின் உள்புறம். விலையில் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. கருமருந்தின் கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சுட்ட அன்றே சோப்பு வெந்நீரால் கழுவி எண்ணெய் இடாவிட்டால் சில நாட்களில் துரு பிடித்துவிடும். சலாகை நுனியில் எண்ணெய்த் துணியைச் சுற்றி மெல்லத் தள்ளுங்கள். கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். வழவழவென்று ஒரே சீராக இறங்கினால் நல்லது. கடைசி ஒரு சாண் தூரத்தில் நறநறவென்று பிடித்தால், குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டிய புரிகள் அரித்துப்போயிருக்கின்றன. வெளியே பளபளவென்று மின்னிய ஒன்றை இப்படிப் பார்க்காமல் நான் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து விட்ட முதல் துணி, செம்மண் சாலையைத் துடைத்தது போல வெளியே வந்தது. இன்று அது என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

பிறகு குதிரையை (சுத்தியல் போல விழும் பாகம்) பாதி இழுத்து நிறுத்தி விசையை அழுத்துங்கள். விழுந்தால், உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. சரிசெய்யலாம், ஆனால் கூலி துப்பாக்கி விலையை நெருங்கிவிடும். நிப்பிள் திருகியிருக்கும் உருளை ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் விட்டுவிட்டு வாருங்கள், இலவசமாகக் கொடுத்தாலும் சரி.

இவ்வளவும் தேறினால் என் கணக்கில் 120லிருந்து 150 டாலர் கொடுக்கலாம். உள்புறம் அரித்திருந்தால் சுவர் அலங்காரத்துக்கு 50 போதும். 250ஐத் தாண்டிப் போவதானால் இன்னும் கொஞ்சம் சேர்த்து, நியூ ஹாம்ப்ஷயரில் செய்த தாம்சன் சென்டர் நிறுவனத்தின் ஹாக்கன் ரைஃபிள் ஒன்றைப் பிறர் பயன்படுத்திய நிலையில் தேடுங்கள். 1970இல் வந்த அந்த ரகத்துக்கு விற்கும்போதும் ஆள் கிடைக்கும்.

வேட்டைக்கு என்றால் உங்கள் மாநிலத்தில் ஒரு சிக்கல். கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய மான் பருவத்தில் சக்கிமுக்கி விசை உள்ள துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. உங்களுடையதில் நிப்பிள் மேல் கேப் (தட்டினால் வெடிக்கும் சிறு மூடி) வைத்துச் சுடும் அமைப்பு என்றால் அந்தப் பருவத்தில் செல்லாது. அதே ஜுகார் சக்கிமுக்கி வகையாக இருந்தால், அங்கே 50 டாலர் கூட்டிக் கொடுக்கவும் நான் தயங்க மாட்டேன். கூட்டரசுச் சட்டம் இத்தகைய துப்பாக்கியைப் பழமை வகையில் சேர்த்துப் பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குகிறது. நியூஜெர்சி போன்ற இடங்களில் மாநிலச் சட்டம் வேறு, அந்தப் பக்கம் எடுத்துப்போகும் முன் விசாரியுங்கள்.

பேரம் முடிவதற்குள் பெரியவரின் பரணையும் கேளுங்கள். .45 குழலுக்குள் இறங்கும் .440 குண்டு வார்க்கும் அச்சு, மருந்து அளவைக் குப்பி, கேப் டப்பா என்று ஏதாவது கிடக்கும். அவற்றோடு சேர்த்து 180 என்றால் தயங்காமல் கொடுங்கள். பாதி காலியான, பெயர்ச்சீட்டு இல்லாத மருந்து டப்பாவை மட்டும் தொடாதீர்கள். இன்றைய துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்து ஒரு கரண்டி தவறிப் போனாலும் அந்தக் குழல் பிளந்துவிடும்.