செகண்ட் ஹேண்டில் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக் வாங்கியிருக்கிறேன், 2019 மாடல். செலவு செய்ய 25,000 ரூபாய் இருக்கிறது. முதலில் சைலென்சரா, ஏர் ஃபில்டரா?

2019 மாடல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டும் வேண்டாம். முதலில் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர்.

நானும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன். டயரில் பட்டன் (மேலே இருக்கும் வரிப்பள்ளம்) தேயாமல் நன்றாக இருந்ததால் அந்தப் பக்கமே போகவில்லை. இருந்த காசையெல்லாம் சைலென்சரில் போட்டுவிட்டுக் கொல்லிமலைக்குக் கிளம்பினேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டேன், ஒரு வளைவில் பின்சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கியது. எப்படியோ காலை ஊன்றி விழாமல் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து எண்ணைப் பார்த்தால் டயருக்கு ஆறு வயது. நகத்தால் அழுத்தினால் ரப்பரில் தடமே விழவில்லை, அவ்வளவு கெட்டியாகியிருந்தது. சத்தம் மட்டும் பிரமாதமாக இருந்தது!

இந்த வண்டிக்கே 2020 பிஎஸ்6 மாடலில் கம்பெனி மிஷெலின் ரோட் 5 டயர் போட ஆரம்பித்தது. அளவு அதேதான்: முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் 17 இன்ச் ரேடியல். அந்தத் தரத்தில் ஒரு ஜோடி போட்டால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். போகட்டும். புது டயர் முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வழவழவென்று இருக்கும், அதுவரை ரொம்பச் சாய்க்காதீர்கள். காற்றை டயர் சூடாகும் முன், காலையிலேயே பாருங்கள்.

அடுத்தது பிரேக் ஆயில். இந்த வண்டிக்கு ஊற்றும் டாட் 4 வகை ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் கொதிநிலை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய் வேலை. ஸ்டீல் ஹோஸ், பேட் எல்லாம் அப்புறம் யோசிக்கலாம்.

சஸ்பென்ஷன் செட்டிங்குக்குக் காசே வேண்டாம். இரண்டு நண்பர்களும் ஒரு இன்ச் டேப்பும் போதும். ஒருவர் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கட்டும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஆக்சிலிலிருந்து மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளிவரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஜாக்கெட், ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. அதிகமாக அமுங்கினால் பின் ஷாக் அப்சார்பரில் ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) ஏற்றுங்கள், குறைவாக அமுங்கினால் இறக்குங்கள். ப்ரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று மெக்கானிக்கே சொல்வார். அப்படியில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். முன் ஃபோர்க்கில் உங்கள் மாடலில் திருக எதுவும் கிடையாது. 2021இல் வந்த டைனமிக் கிட் என்ற சஸ்பென்ஷன் செட்டில்தான் அந்த வசதி.

லீவர்களையும் பாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்து விரலை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக வர வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. மணிக்கட்டு வலி என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கோளாறு. மீதிப் பேர் முழங்காலால் டேங்கைப் பிடிப்பதில்லை. அதற்கு முழங்கால் வழுக்காமலிருக்க டேங்கின் இரண்டு பக்கமும் டேங்க் கிரிப் ஒட்டிக்கொள்ளலாம், நல்ல செலவு.

சரி, சைலென்சர் ஆசை விடாது, தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி, அதிகச் சத்தம் போடும் சைலென்சரோடு பிடிபட்டால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். நான் காசு போட்டு வாங்கிய சைலென்சர் பரணில் கிடக்கிறது. பழைய ஒரிஜினலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் பொல்யூஷன் சர்டிஃபிகேட் கவலை இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.